மேலே ஓடிய கம்பி கீழே போன வரலாறு

காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற இரவில் விளக்கு அணைந்து போவது தோட்டப்புறத்து மக்களுக்குப் புதிதல்ல. மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியின் மேல் விழுந்தால் போதும், வீட்டு வரிசை முழுவதும் இருளில் மூழ்கிவிடும். மறுநாள் பழுது பார்க்க வருகிறவர்கள் கம்பத்தில் ஏறி நிற்பதைப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது அவர்களில் ஒருவன் கேட்பான்: "தண்ணீர்க் குழாயை மண்ணுக்குள் புதைக்கிறார்களே, கம்பியை மட்டும் ஏன் மேலே தொங்க விடுகிறார்கள்?"

கேள்வி சிறியது, ஆனால் விடை நீளமானது. அந்த விடையைத் தேடி நாம் இன்று நூறு ஆண்டுகளுக்கும் முந்திய நியூயார்க் நகருக்குப் போகப் போகிறோம். கம்பிகளைப் புதைக்கும் வழி அங்கே தெரிந்திருந்தது. புதைக்க வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. அப்படியிருந்தும் கம்பிகள் கீழே போகவில்லை. ஏன் போகவில்லை, பிறகு எப்படிப் போயின என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. அமெரிக்காவில் மோர்ஸ் என்பவர் அமைத்த முதல் நெடுந்தூரத் தந்திக் கம்பி, மண்ணுக்குள் புதைக்கப்படுவதாகவே இருந்தது. 1843-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அதற்காக அவருக்கு 30,000 டாலர் கொடுத்தது. வாஷிங்டன் நகரிலிருந்து பால்டிமோர் வரை ஏறக்குறைய 40 மைல் தூரம். கம்பிகளை ஈயக் குழாய்க்குள் வைத்துப் புதைக்கத் தொடங்கினார்கள். சில மைல் போவதற்குள்ளேயே வேலை கெட்டது. கம்பியைச் சுற்றியிருந்த உறை சரியில்லாததால், ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் கசிவதுபோல மின்சாரம் கசிந்து போயிற்று. பணமும் கரைந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி மோர்ஸ் மரக் கம்பங்களை நட்டுக் கம்பியை மேலே கட்டினார். 1844-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் முதல் செய்தி அந்தக் கம்பி வழியாகச் சென்றது.

ஆக, கம்பம் என்பது முதலில் நினைத்த வழி அல்ல. முதல் வழி தோற்றபின் பிடித்துக்கொண்ட வழி. மேலே தொங்கும் கம்பியைச் சுற்றிலும் காற்று இருக்கிறது. காற்று மின்சாரத்தை எளிதில் விடாது. அந்த உறைக்கு விலையும் கிடையாது. மண்ணுக்குள் போகும் கம்பிக்கோ நல்ல உறை வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் வேர் இதுதான்.

அந்த நல்ல உறை எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நம்முடைய மலாயாக் காட்டிலிருந்துதான். நம் தோட்டங்களில் ரப்பரைக் கித்தா என்று சொல்கிறோம். மரத்துப் பிசினைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லே நம் வாயில் கித்தா ஆனது. அதே பெயரைத் தாங்கிய வேறொரு பொருள் கெத்தா பெர்ச்சா. அது ரப்பர் மரத்துப் பால் அல்ல; தாபான் என்னும் காட்டு மரத்தின் பால். சுடுநீரில் போட்டால் களிமண்போல் இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். மலாய் மக்கள் அதைப் பாராங் கத்திக்குக் கைப்பிடியாக உருட்டிப் பயன்படுத்தி வந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கவனித்து, 1843-ஆம் ஆண்டுவாக்கில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார்.

1847-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் வெர்னர் சீமென்ஸ் இந்தக் கெத்தா பெர்ச்சாவைக் கம்பியின் மேல் இடைவெளியில்லாமல் அழுத்திப் பூசும் முறையைக் கண்டார். அவர் புதைத்த தந்திக் கம்பி 1849-இல் பெர்லினுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இடையே செய்தி கொண்டு சென்றது. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆழமாகப் புதைக்கவில்லை; மேலே காப்பும் இல்லை; எலிகள் கடித்தன; உறையும் கெட்டது. கடலுக்கடியிலோ கெத்தா பெர்ச்சா நன்றாக உழைத்தது. 1866 முதல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்த வடத்துக்கும் அதுவே உறை. அந்தப் பாலுக்காகத் தாபான் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ரப்பர் மரம்போல் சீவி எடுத்தால் அதன் பால் தாராளமாக ஓடாது. எனவே மரமே போயிற்று. பின்னாளில் மலாயாவில் வனத்துறை அமைக்கப்பட்டதற்கு இம்மரங்கள் அழிந்ததும் ஒரு காரணமாகும்.

இனி நியூயார்க்குக்கு வருவோம். 1880-களில் அந்நகரின் வீதிகளில் வானம் தெரியாத அளவுக்குக் கம்பிகள் பின்னிக் கிடந்தன. தந்திக் கம்பெனிகள் பல. தொலைபேசிக் கம்பெனிகள் பல. தீயணைப்பு எச்சரிக்கைக் கம்பிகள் வேறு. ஒவ்வொருவரும் தத்தம் கம்பத்தை நட்டார்கள். சில கம்பங்கள் 90 அடி உயரம் வரை இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏணிப்படிபோல் குறுக்குக் கட்டைகள். தொழில் நொடித்துப்போன கம்பெனிகள் தங்கள் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன. எது உயிருள்ள கம்பி, எது செத்த கம்பி என்பது யாருக்கும் தெரியாது.

தந்திக் கம்பியில் ஓடுவது சிறு மின்சாரம். அதைத் தொட்டால் ஆள் சாவதில்லை. ஆனால் 1880-ஆம் ஆண்டின் இறுதியில் பிராட்வே வீதியில் புதிய தெருவிளக்குகள் வந்தன. இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே பாயும் ஒளியால் எரிந்த அவ்விளக்குகளுக்கு மிக அதிக அழுத்தமுள்ள மின்சாரம் தேவைப்பட்டது. அந்தக் கம்பிகளையும் அதே கூட்டத்துக்கு நடுவே கட்டினார்கள். ஒரு கம்பியின் உறை தேய்ந்து மற்றதைத் தொட்டால், தீங்கற்ற தந்திக் கம்பியும் உயிரைப் பறிக்கும் கம்பியாக மாறிவிடும்.

இத்தனைக்கும் புதைக்க முடியாது என்று யாரும் சொல்ல இடமில்லை. தாமஸ் எடிசன் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பேர்ல் வீதியில் தம் மின்நிலையத்தைத் திறந்தபோது, அவருடைய கம்பிகள் எல்லாமே மண்ணுக்குள் இருந்தன. 20 அடி நீளமுள்ள இரும்புக் குழாய்களுக்குள் செப்புத் தண்டுகளை வைத்து, இடையில் தாரைப் போன்ற கலவையை ஊற்றி, பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள். இந்த வேலையைக் கண்காணிக்க ஐந்து மேற்பார்வையாளர்களை நகராட்சி அனுப்பும் என்றும், அவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் எடிசனே கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அவர்கள் சனிக்கிழமை மாலையில் சம்பளம் வாங்க மட்டுமே வந்தார்கள் என்று எடிசன் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னார். ஓரிடத்தில் குழாய் கசிந்து, அவ்வழியே சென்ற வண்டிக் குதிரைகள் துள்ளிக் குதித்ததும் உண்டு. குறை இல்லாமல் இல்லை. ஆனாலும் வேலை நடந்தது, விளக்கு எரிந்தது.

1884-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பெருநகரங்களில் உள்ள எல்லாக் கம்பிகளும் 1885 நவம்பர் 1-ஆம் நாளுக்குள் மண்ணுக்குக் கீழே போக வேண்டும் என்பது அச்சட்டம். கெடு வந்தது, போயிற்று. கம்பிகளோ மேலேயே இருந்தன.

காரணம் என்ன? சட்டம் "புதை" என்றது. எந்த வீதி முதலில், எந்த வீதி பிறகு என்று சொல்லவில்லை. பள்ளத்தை யார் வெட்டுவது, குழாய் யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது என்பதற்கும் அதில் விடை இல்லை. பத்துக் கம்பெனிகளும் தனித்தனியே வெட்டினால் ஒரே வீதியைப் பத்து முறை வெட்ட வேண்டும். கம்பெனிகள் இதைத் தங்களுக்கு வசதியாக்கிக்கொண்டன. நல்ல உறை கிடையாது என்றன; செலவு தாங்காது என்றன; வழக்கு மன்றத்துக்கும் போயின. எவ்வளவு நல்ல நோக்கமுள்ள சட்டமானாலும், வேலையை வரிசைப்படுத்தும் திட்டம் இல்லாவிட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

1885-இல் இதற்கென்று ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் திட்டம் அறிவுடையது. ஒரே ஒரு கம்பெனி வீதியை ஒருமுறை வெட்டிப் பொதுவான குழாய்களைப் பதிக்கும். ஆள் இறங்கி வேலை செய்யக் குழிகளும் கட்டும். மற்றக் கம்பெனிகள் வாடகை கொடுத்துத் தங்கள் கம்பியை அக்குழாய்களுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். வீதி வீதியாக வேலை தொடங்கியது. ஆனால் குழாய் தயாரான வீதிகளிலும் கம்பெனிகள் பழைய கம்பத்தை விட்டு இறங்க மனமில்லாமல் நாளைக் கடத்தின.

1888-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ஆம் நாள் பெரும் பனிப்புயல் வந்தது. நியூயார்க்கில் ஏறக்குறைய 21 அங்குலம் பனி கொட்டியது. காற்று அதை வாரி வீட்டுக் கதவுகளை மூடியது. கம்பங்கள் முறிந்தன, கம்பிகள் பனியின் பாரம் தாங்காமல் அறுந்து விழுந்தன. நகரில் மட்டும் சுமார் 200 பேர் இறந்தனர். பக்கத்து நகரமான பாஸ்டனுடன் தொடர்பு முழுவதும் அற்றுப்போயிற்று. அப்போது நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே செய்திகள் எப்படிப் போயின தெரியுமா? கடலுக்கடியில் கிடந்த வடத்தின் வழியாக லண்டனுக்குப் போய், அங்கிருந்து திரும்பி அட்லாண்டிக்கைக் கடந்து வந்தன! தலைக்கு மேலே இருந்த கம்பி புயலில் அறுந்தது. கடலடியில் கெத்தா பெர்ச்சா உறைக்குள் கிடந்த கம்பியோ ஒன்றும் அறியாததுபோல் வேலை செய்தது.

இந்தப் புயலால்தான் நியூயார்க் கம்பிகளைப் புதைத்தது என்று பலர் எழுதுவார்கள். அது முழு உண்மை அல்ல. சட்டம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புயலுக்குப் பிறகும் கம்பெனிகள் பழைய இடத்திலேயே கம்பங்களை நட்டன. நகரத்தின் மனத்தை உலுக்கியது ஒரு தொழிலாளியின் மரணம்.

1889-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், நண்பகல் நேரம். தந்திக் கம்பெனியில் வேலை செய்த ஜான் ஃபீக்ஸ் என்பவர் நகரத்தின் நடுவே ஒரு கம்பத்தில் ஏறினார். பயனற்றுப்போன செத்த கம்பிகளை வெட்டி எடுப்பது அன்று அவருடைய வேலை. அவர் கை வைத்தது தந்திக் கம்பிகளின் நடுவில். அவை தீங்கற்றவை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அங்கிருந்து சில வீதிகள் தள்ளி, அவற்றுள் ஒன்றின் மேல் விளக்குக் கம்பி ஒன்று உரசிக்கொண்டிருந்தது. ஃபீக்ஸ் அந்த இடத்திலேயே இறந்தார். அவருடைய உடல் கம்பிகளுக்கிடையே சிக்கித் தொங்கியது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் அவரை இறக்க வழியில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல், உணவு நேரத்தில் வெளியே வந்திருந்த ஆயிரக்கணக்கான மக்கள் கீழே நின்று அதைப் பார்த்தார்கள்.

அவருடைய மனைவிக்காக அந்தக் கம்பத்தில் ஒரு தகரக் குவளை மாட்டப்பட்டது. வழிப்போக்கர்கள் அதில் காசு போட்டார்கள். மக்களின் இரக்கம் பெரியது. ஆனால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாகக் கெடு கடந்த ஒரு சட்டம் நிறைவேறியிருந்தால் அந்தக் குவளைக்கே தேவை இருந்திருக்காது என்பதை நாம் மறக்கக் கூடாது.

மேயர் ஹியூ கிராண்ட் ஆபத்தான கம்பிகளை வெட்ட உத்தரவிட்டார். விளக்குக் கம்பெனிகள் வழக்கு மன்றத்தில் தடை வாங்கின. டிசம்பர் மாதத்தில் தடை நீங்கியது. கோடரியோடு ஆட்கள் இறங்கினார்கள், கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் சுருண்டு விழுந்தன. அதன் விளைவாகப் பல வீதிகளில் விளக்கில்லாமல் போயிற்று. படிப்படியாகச் செய்திருக்க வேண்டிய வேலையை நெருக்கடியில் செய்ததற்கு நகரம் இருளை விலையாகக் கொடுத்தது. அதன் பிறகே புதைக்கும் வேலை வேகம் பிடித்தது. 1891-இல் குழாய்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். மின்சாரக் கம்பிக்கு ஒரு நிறுவனத்தின் குழாய். தந்திக்கும் தொலைபேசிக்கும் வேறொரு நிறுவனத்தின் குழாய். இரண்டும் ஓரிடத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஃபீக்ஸின் மரணம் ஏற்கெனவே காட்டியிருந்தது.

இந்த அனுபவங்களிலிருந்து உலகம் கற்ற முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலாவது, கணக்கெடுப்பு. எந்தக் கம்பத்தில் யாருடைய கம்பி இருக்கிறது, எது பயனில் உள்ளது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வரிசை. கம்பி நெருக்கமும் மக்கள் நெருக்கமும் உள்ள வீதிகள் முன்னே, மற்றவை பின்னே. எடுத்த வீதியை முழுவதும் முடிக்க வேண்டும். மூன்றாவது, ஒரே வெட்டு. மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பள்ளம். நான்காவது, புதிய வடத்தைச் சோதிக்கும் வரை பழைய கம்பியை விட்டுவைத்து, பிறகு வீடு வீடாக மாற்றுவது. கடைசியாக, பழைய கம்பத்தைப் பிடுங்குவது. இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் செலவு இரட்டிப்பாகும், ஆபத்தும் தீராது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். புதைக்கும் செலவு, கம்பம் நடும் செலவைப்போல் பல மடங்கு. 1967-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென ஒரு விதி வகுத்தது. அதன்படி மின்சாரக் கம்பெனிகள் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஊருக்கும் அதில் பங்கு இருந்தது. எந்த வீதி முதலில் என்று ஊராட்சி தீர்மானித்தது. செலவை மின்சாரம் பயன்படுத்துகிற எல்லாரும் கட்டணத்தின் வழியே பகிர்ந்துகொண்டார்கள். முறை நல்லதுதான், ஆனால் செலவு மிகுதியால் பல ஊர்கள் தங்கள் முறை வரும் வரை பல ஆண்டுகள் காத்திருந்தன. சிறிய நாடாகிய நெதர்லாந்தில் வீடுகளுக்கு வரும் மின்வடங்கள் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்குக் கீழேதான் உள்ளன. சிங்கப்பூரும் அப்படியே. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு பள்ளம் பல வீடுகளுக்குப் பயன்படுகிறது.

தோட்டப்புறத்தின் நிலை வேறு. ஒரு குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் இடையே மைல்கணக்கில் மரங்கள். அவ்வளவு தூரம் பள்ளம் வெட்டினால் ஒரு வீட்டுக்கு விழும் செலவு மிகப் பெரிது. மேலே ஏன் தொங்க விடுகிறார்கள் என்று கேட்ட பிள்ளைக்கு உரிய விடை இதுதான். நியூயார்க்கிலும் இதே கதைதான். நகரத்தின் நடுவில் உள்ள மன்ஹாட்டனில் கம்பங்கள் மறைந்தன. ஆனால் வீடுகள் பரவலாக உள்ள புறப்பகுதிகளில் கம்பிகள் இன்றும் மேலேயே ஓடுகின்றன.

புதைத்துவிட்டால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடுமா? இல்லை. ஃபீக்ஸ் இறந்த அடுத்த மாதமே எடிசன் ஒரு கட்டுரை எழுதினார். அழுத்தம் மிகுந்த மின்சாரத்தை வெறுமனே புதைத்தால், மரணம் வீதியை விட்டுக் குழிகளுக்கும் வீடுகளுக்கும் போகும் என்று எச்சரித்தார். அவருடைய போட்டியாளர்களே அந்த மின்சாரத்தை விற்றார்கள் என்பதால், அந்த எச்சரிக்கையில் வியாபார நோக்கமும் இருந்தது. ஆனாலும் அதில் உண்மை இல்லாமல் போகவில்லை. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் சாண்டி என்னும் புயல் அடித்தபோது, கடல்நீர் மன்ஹாட்டனின் ஒரு துணை மின்நிலையத்துக்குள் புகுந்து வெடிப்பு உண்டாயிற்று. நகரின் தென்பகுதி சில நாட்கள் இருளில் கிடந்தது. மேல் கம்பிக்குக் காற்றும் மரமும் பகை. கீழ் வடத்துக்கு வெள்ளமும் மண்வெட்டியும் பகை. கீழே பழுது குறைவு. ஆனால் பழுதான இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே மேலே கம்பி ஓடும் இடத்தில் வாழ்கிற நாம் சிலவற்றை மனத்தில் வைக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் பிடிக்கும் நீண்ட அலுமினியக் கழி, மின்சாரத்தை நொடியில் உடலுக்குள் கொண்டுவரும். கம்பிக்கு அருகிலுள்ள மரத்தை அந்தக் கழியால் வெட்டக் கூடாது. மேலதிகாரி சொன்னாலும் கம்பியைக் காட்டி மறுத்துச் சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்தச் செய்து வேலை பார்க்கக் கேட்க வேண்டும். அறுந்து தொங்கும் கம்பி எதுவானாலும், அது செத்த கம்பி என்று நாமே முடிவு செய்யக் கூடாது. ஃபீக்ஸ் அனுபவமுள்ள தொழிலாளி. அவருக்கே அது தெரியவில்லை. பிள்ளைகளை விலக்கி நிறுத்தி, மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பட்டம் கம்பியில் சிக்கினால் அதை விட்டுவிட வேண்டும். ஆழமாகப் பள்ளம் வெட்டுமுன், கீழே வடம் உண்டா என்று கேட்டுவிட்டே வெட்ட வேண்டும்.

நம் ஊரில் சாலை விரிவாகும்போதும், புதிய வீடமைப்புத் திட்டம் வரும்போதும் கம்பிகளைப் பற்றிய பேச்சும் எழும். அப்போது எந்த இடம் முதலில், செலவு யாருடையது, பழைய கம்பம் எப்போது அகலும் என்ற மூன்று கேள்விகளையும் தோட்டத்து மக்களும் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல்தான் நியூயார்க்கின் சட்டம் ஐந்து ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.